எதிரே உட்கார ஒரு தோழி

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவை வரை போனவர்கள், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே புனித மரியாள் பெயரில் நிற்கும் ஆங்கிலேயர் காலத்துச் சிறிய தேவாலயத்தைப் பார்த்திருக்கலாம். ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பெண்மணியை 1879-ல் அங்கேதான் அடக்கம் செய்தார்கள். உலகப் புகைப்படக் கலையின் வரலாற்றை யார் எழுதினாலும் தொடக்க அத்தியாயங்களிலேயே இவர் பெயர் வந்துவிடும். தாடி வைத்த டார்வினின் படம் உங்கள் நினைவில் இருந்தால், அது அவர் எடுத்ததாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கேமராவை அவர் முதன்முதலாகத் தொட்டபோது வயது 48. அதற்குள் தான் பெற்ற பிள்ளைகளையும், உறவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்து ஆளாக்கியிருந்தார்.

நம் வீடுகளில் 48 எப்படிப்பட்ட வயது? மகன் ஹாஸ்டலில் இருப்பான், மகளுக்கு வேலையோ வரனோ தேடிக்கொண்டிருப்போம், மாமியாரின் மாத்திரை டப்பா நம் பொறுப்பில் இருக்கும். மாதவிடாய் நிற்பது பெரும்பாலான பெண்களுக்கு 45-லிருந்து 55 வயதுக்குள். நடுராத்திரியில் வியர்த்து எழுந்து உட்கார்ந்து, ஓடுகிற ஃபேனையே முறைத்துப் பார்க்கிற காலம் அது. இந்த வயதுக்காரிகளுக்குப் பத்திரிகைகள் சலிக்காமல் ஓர் அறிவுரை சொல்கின்றன: தினமும் உங்களுக்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தப்பில்லை. ஆனால், அந்த அரை மணி நேரம் தனியாகக் கிடைத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். சோபாவில் சாய்வோம், போனை எடுப்போம், கண் செருகும். கேமரனின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது இதுதான்: நடுவயதுக்காரிக்கு நேரத்தைவிட அவசரமாகத் தேவைப்படுவது ஆட்கள். அவள் தொடங்கிய வேலைக்காக எதிரே வந்து உட்காரத் தயாராக இருக்கும் ஆட்கள்.

அவர் பிறந்தது 1815-ல், கல்கத்தாவில். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, அம்மா பிரெஞ்சுக்காரி. கூடப் பிறந்த பெண்கள் அழகுக்குப் பேர் போனவர்கள். ஜூலியாவை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை, அதை அவர் காதுபடவே பேசவும் தயங்கவில்லை. 1838-ல் அவர் மணந்த சார்லஸ் ஹே கேமரன் அவரைவிட 20 வயது மூத்தவர். இலங்கையில் பள்ளி வரலாறு படித்தவர்களுக்கு இந்தக் கணவரைத் தெரியும். ராஜகாரியம் என்ற கட்டாய ஊழிய முறைக்கு முடிவு கட்டிய கோல்புறூக் - கேமரன் சீர்திருத்தங்களில் வருகிற கேமரன் இவர்தான். பிற்பாடு மெக்காலேயோடு சேர்ந்து இந்திய தண்டனைச் சட்டத்தின் வரைவிலும் வேலை பார்த்தார். 1848-ல் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. 1860-ல் வைட் தீவில் ஃப்ரெஷ்வாட்டர் என்ற கடலோரக் கிராமத்தில், கவிஞர் டென்னிசன் வீட்டுக்குப் பக்கத்தில் இடம் வாங்கிக் குடியேறினார்கள். அந்த வீட்டுக்கு டிம்போலா என்று பெயர் வைத்தார்கள். அது மலையகத்தில் அவர்களுக்கு இருந்த காபித் தோட்டத்தின் பெயர்.

1863 டிசம்பரில் சார்லஸ் அந்தத் தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்குப் போயிருந்தார். அம்மா தனியாக இருக்கிறாளே, பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் சேர்ந்து ஒரு கேமராவைப் பரிசாக அனுப்பினார்கள். பரிசு கொடுத்தவர்கள் இவ்வளவு தூரம் போகும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

கோழிகளை விரட்டிய கலை

அந்தக் காலத்தில் படம் எடுப்பது விரலால் தட்டுகிற காரியமில்லை. கண்ணாடித் தகட்டைத் துடைத்து, அதன்மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஒரே சீராக ஊற்ற வேண்டும். இருட்டறையில் சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் பொருத்திப் படம் எடுத்து, மறுபடி இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். எல்லாம் சில நிமிடங்களுக்குள். பிறகு முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் வெயிலில் வைத்து அச்செடுக்க வேண்டும். கை கறுத்துப்போகும், துணியில் பட்ட கறை சாகும்வரை போகாது.

ஜூலியா கரி கொட்டிவைக்கும் அறையை இருட்டறையாக்கினார். கண்ணாடி போட்ட கோழிக்கூண்டைத் தன் படப்பிடிப்புக் கூடமாக்கினார். கோழிகளுக்கு விடுதலை கிடைத்தது, யாரும் அவற்றைச் சமைத்துத் தின்றிருக்க மாட்டார்கள் என்று நம்புவதாகப் பிற்பாடு குறும்பாக எழுதினார். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. ஒரு விவசாயியைக் கூலி கொடுத்து உட்காரவைத்து எடுத்த முதல் படத்தை, தகட்டின் ஈரப் பக்கத்தில் கையை வைத்துத் தேய்த்துத் தானே அழித்தார். 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியின் முகம் முதன்முதலாகச் சரியாக விழுந்தது. அன்று வீடு முழுக்க ஓடி, அந்தக் குழந்தைக்குக் கொடுக்க என்னென்ன இருக்கிறது என்று தேடினாராம். தன் முதல் வெற்றி என்று அந்தப் படத்தின் கீழேயே எழுதிவைத்தார்.

இன்னொன்றையும் அவரே எழுதியிருக்கிறார். சொட்டச் சொட்ட ஈரத் தகட்டைத் தூக்கிக்கொண்டு கணவரிடம் காட்டச் சாப்பாட்டு அறைக்கு ஓடுவார். மேஜை விரிப்பெல்லாம் வெள்ளி உப்பின் கறை. வேறு வீடாக இருந்தால் தன்னைத் துரத்தியிருப்பார்கள் என்கிறார். எழுபது தாண்டிய சார்லஸ் ஒவ்வொரு தகட்டையும் வாங்கிப் பார்த்துப் பாராட்டுவாராம். நம்மூரில் அந்த மேஜை விரிப்பை வைத்தே ஒரு வாரம் சண்டை நடந்திருக்கும்.

ஆடாமல் இருப்பது என்கிற அன்பு

ஜூலியா படத்துக்கு ஒருவர் பல நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டும். கண் இமைக்கலாம், தலை ஆடக்கூடாது. மற்ற ஸ்டூடியோக்களில் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவ்வி வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். இவர் அதை விரும்பவில்லை. ஆகவே அவருடைய படங்கள் ஒவ்வொன்றும், யாரோ ஒருவர் அவருக்காகப் பொறுத்துக்கொண்ட நேரம். அந்த முகங்களில் தெரியும் ஆழத்துக்குப் பாதிக் காரணம் அதுதான் என்பேன். மூன்று நிமிடம் போனால் யாருக்கும் சிரிப்பு மிஞ்சாது. உள்ளே இருக்கிற ஆள் வெளியே வந்துவிடுவார்.

யார் யார் உட்கார்ந்தார்கள்? பக்கத்து வீட்டு டென்னிசன். எழுத்தாளர் தாமஸ் கார்லைல். 1868-ல் கோடைக்கு அந்த ஊரில் வந்து தங்கிய டார்வின். அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோவைக் கூட்டிவந்து விட்ட டென்னிசன், இந்த அம்மாள் சொல்வதையெல்லாம் செய்தாக வேண்டும், உங்களில் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்க நான் பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனதாக ஒரு கதை உண்டு. வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1836-ல் தென்னாப்பிரிக்காவின் கேப்பில் பழக்கமானவர். புகைப்படம் என்று ஒன்று பிறந்த சேதியையே ஜூலியா அறிந்தது அவர் மூலம்தான். பொட்டாசியம் சயனைடைக் கையாளும்போது ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லிக் கடிதம் எழுதிக் கண்டித்ததும் அவரே. ஓவியர் வாட்ஸ், ஜூலியாவின் அக்கா தங்கைகளில் ஒருவரான சாராவின் லண்டன் வீட்டில் சில நாள் தங்க வந்து பல வருடம் இருந்துவிட்டவர். அவர் ஜூலியாவின் படங்களைப் பார்த்து, எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். நடுவயதில் நமக்குக் கிடைக்காமல் போவது இப்படிப்பட்டவர்கள்தான். ‘சூப்பர்’ என்று சொல்ல நூறு பேர் இருப்பார்கள்.

பெரிய மனிதர்களை எடுத்த படங்கள் புகழ் பெற்றன. எனக்கு அவற்றைவிட அவர் எடுத்த பெண்களைப் பிடிக்கும். வீட்டில் வேலை பார்த்த மேரி ஹிலியர் அவருடைய மாதா படங்களில் திரும்பத் திரும்ப வருகிறார். மேரி ரயன் இன்னும் சுவாரஸ்யமானவர். லண்டன் அருகே தாயோடு பிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஐரிஷ் சிறுமி. ஜூலியா அழைத்துவந்து படிக்கவைத்தார், வேலைக்கும் வைத்துக்கொண்டார். 1865-ல் லண்டன் கண்காட்சியில் ஜூலியாவின் படங்களோடு நின்றிருந்த மேரியைப் பார்த்து மனம் பறிகொடுத்த இளைஞர், 1867-ல் அவரையே கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை நம் கும்பகோணத்தில் பிறந்தவர். பெயர் ஹென்றி காட்டன். இந்திய சிவில் சர்வீஸில் சேர்ந்து அசாமின் தலைமை ஆணையர் ஆகி, 1904-ல் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினாரே, அவர்தான்.

ஜூலியாவோடு பழகுவது எல்லோருக்கும் சுகமாக இருந்திருக்காது. ராத்திரி நேரத்தில் வீட்டுக்கு வருவார், பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுவார், வேண்டாம் என்றாலும் பரிசு கொடுப்பார். நண்பர் ஹென்றி டெய்லரின் மனைவி ஒரு விலையுயர்ந்த சால்வையைப் பிடிவாதமாகத் திருப்பிக் கொடுத்தார். ஜூலியா அதை விற்று, அந்தப் பணத்தில் தீராத நோயாளிகளுக்கான மருத்துவமனைக்கு ஒரு சாய்வுக் கட்டில் வாங்கி, டெய்லர் அம்மாளின் பெயரையே அதில் பொறித்துவிட்டார். இது கொஞ்சம் அராஜகம்தான். ஆனால், 50 வயதுக்கு மேல் நட்பைப் புதுப்பிக்க இவ்வளவு பாடுபடுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நாம் பிறந்தநாள் வாழ்த்துக்குக் கேக் படம் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

குறை சொன்னவர்கள்

1864-லேயே லண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். சங்கத்துக்காரர்களுக்கு அவர் படங்கள் பிடிக்கவில்லை. ஃபோகஸ் இல்லை, தகட்டில் கீறல், விரல் ரேகை, தூசி என்று பத்திரிகைகள் கிண்டலடித்தன. கருவியைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத அம்மாள் என்பது அவர்கள் தீர்ப்பு. ஜூலியா லென்ஸைத் திருகிக்கொண்டே வரும்போது தன் கண்ணுக்கு எங்கே அழகாகத் தெரிகிறதோ அங்கேயே நிறுத்துவார். எல்லாக் கோடும் துல்லியமாகத் தெரியும்வரை திருக மாட்டார். இத்தனை பேர் இப்படித் திட்டியும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1866-ல் இன்னும் பெரிய கேமரா, 15-க்கு 12 அங்குலக் கண்ணாடி. முகங்கள் இன்னும் நெருங்கி வந்தன.

இருபது வயதில் இந்தக் கிண்டல் வந்திருந்தால் அவர் கேமராவை மூலையில் போட்டிருக்கலாம். ஐம்பதில் கூச்சம் குறைகிறது. அந்த வயதின் பெரிய லாபம் அது. 1865-ல் இன்றைய விக்டோரியா - ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் முன்னோடியான சவுத் கென்சிங்டன் மியூசியம் அவர் படங்களை விலைக்கு வாங்கியது. 1868-ல் அங்கேயே அவருக்குப் படமெடுக்க இரண்டு அறைகளும் கொடுத்தது. காப்புரிமைப் பதிவு, லண்டன் கலைக்கூடத்தில் விற்பனை, படத்தில் தன் கையெழுத்து என்று எல்லாவற்றையும் தொழிலாகவே செய்தார். பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டு தன் உழைப்பைத் தானே மட்டம்தட்டவில்லை. பணம் மட்டும் எதிர்பார்த்தபடி வரவே இல்லை.

1869-ல் தன் படங்களை ஓர் ஆல்பமாகச் சேர்த்து, கேமரா தந்த மகளுக்கும் மருமகனுக்கும் நன்றிப் பரிசாகக் கொடுத்தார். நான்கு வருடத்தில், 1873-ல், அந்த மகள் பிரசவத்தில் இறந்துபோனாள்.

களுத்துறையில் இரண்டு பெண்கள்

1869-ல் இலங்கையில் காபி இலையில் துரு நோய் தொற்றியது. தோட்டங்கள் ஒவ்வொன்றாக நொடித்தன. 1875-ல் கேமரன் தம்பதி செலவைக் குறைக்கவும், அங்கே இருந்த மகன்களோடு இருக்கவும் இலங்கைக்குக் கப்பலேறினார்கள். சவப்பெட்டிகளையும் கூடவே எடுத்துப் போனார்கள், அவற்றுக்குள் பீங்கான் பாத்திரங்களை அடுக்கியிருந்தார்கள் என்று சொல்வார்கள். செய்யக்கூடியவர்தான்.

1877-ல் களுத்துறையில் இருந்த அவர்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர் மரியான் நார்த். வயது 46. கல்யாணம் செய்துகொள்ளாதவர். 1869-ல் அப்பா இறந்த பிறகு, 40 வயது கடந்த நிலையில் வண்ணப்பெட்டியோடு தனியாக உலகம் சுற்றக் கிளம்பியவர். செடிகளை அவை வளரும் இடத்திலேயே போய் வரைவது அவர் வேலை. அடுத்து தமிழ்நாட்டுக்கும் வந்தார். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல் அவருக்கு நண்பரானார். சரஸ்வதி மகால் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர் அவர். அவருடைய தூண்டுதலில், நம் கோயில் வழிபாட்டோடு சேர்ந்த செடிகளை மரியான் வரைந்தார். 1882-ல் லண்டன் கியூ தாவரத் தோட்டத்தில் அவர் ஓவியங்களுக்கென்றே தனிக் காட்சியகம் திறந்தது. 800-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் இன்றும் அங்கே சுவர் தெரியாமல் மாட்டியிருக்கின்றன.

61 வயது ஜூலியா, 46 வயது மரியானை விட்டுவைப்பாரா? தலைமுடியை அவிழ்த்துவிடச் சொன்னார், உச்சி வெயிலில் துணிகளைப் போர்த்தினார், தென்னை ஓலைகள் தலையில் குத்தக் குத்த நிற்கவைத்துத் தகடு தகடாகப் படமெடுத்தார். மரியான் தன் நினைவுக் குறிப்புகளில் இதைக் கேலியும் பிரியமுமாக எழுதியிருக்கிறார். ஜூலியா போர்த்தியிருந்த பச்சைச் சால்வை நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் கத்தரிக்கோலை எடுத்து இரண்டாக வெட்டி ஒரு பாதியைக் கொடுத்துவிட்டாராம். ஒருத்தி பெரிய குடும்பக்காரி, ஒருத்தி தனிக்கட்டை. தன் வேலையின் மீது இருந்த பித்துதான் இவர்களைச் சேர்த்தது. நடுவயதில் முளைக்கிற நட்புகளில் இந்த ரகம்தான் நீடிக்கும் என்பது என் எண்ணம். பழைய கதைகளைப் பேசிக்கொண்டே இருந்தால் மூன்றாவது சந்திப்பில் கதை தீர்ந்துவிடும்.

இலங்கையில் ஜூலியா எடுத்தவற்றில் எஞ்சியவை மிகச் சொற்பம். அவற்றில் இருப்பவர்கள் உள்ளூர் சிங்களரும், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்துவந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தைச் சேர்ந்தவர்களும். டென்னிசனுக்குப் பெயர் இருக்கிறது, மேரி ஹிலியருக்கும் பெயர் இருக்கிறது. இவர்களுக்கு இல்லை. களுத்துறை விவசாயிகள் கூட்டம் என்கிற மாதிரித் தலைப்புதான். ஒருவனுடைய முதுகு அழகாக இருக்கிறது என்பதற்காகவே தோட்டக்காரனாக வைத்துக்கொண்டார் என்று மரியான் எழுதுகிறார். அவனுடைய பெயரை அவரும் எழுதவில்லை.

இதைச் சொல்லாமல் ஜூலியாவைப் பாராட்டி முடிப்பது நேர்மை ஆகாது. அவருடைய கண்ணாடித் தகடுகளுக்குப் பணம் வந்ததே காபித் தோட்டத்திலிருந்து. அங்கே குனிந்து நிமிர்ந்த பெண்களுக்கும் 48 வயது வந்திருக்கும், பலருக்கு அது வரவே இல்லாமலும் போயிருக்கும். நம் வீட்டிலும் நாம் பாட்டு கிளாசுக்குப் போகிற நேரத்தில் பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்கு நம் வயதுதான். முழங்கால் வலியும் அதே வலிதான். அவர் நன்றாகக் கோலம் போடுவார், கும்மி பாடுவார், ஊர்க் கதை சொல்வார். உங்கள் குழுவில் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரிடம் கேட்டு எழுதிய கதையில் அவர் பெயரைப் போடுங்கள்.

குழு என்றேனே, அது ஏற்கெனவே பலர் கையில் இருக்கிறது. பள்ளிக்கூடத் தோழிகளின் வாட்ஸ்அப் குழு. முப்பது வருடம் கழித்துக் கண்டுபிடித்த சந்தோஷம் இரண்டு மாதம் ஓடும், பிறகு காலை வணக்கப் பூக்களும் மருத்துவக் குறிப்புகளும்தான். அந்தக் குழுவுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஊரில் இடிந்துகொண்டிருக்கும் ஓட்டு வீடுகளை ஆளுக்கு ஒரு தெருவாகப் படமெடுக்கலாம், அம்மாக்களின் தாலாட்டுகளைப் பதிவு செய்யலாம், நாடகம் போடலாம். நன்றாக வருமா என்பது அப்புறம். ஒருத்தி செய்வதை இன்னொருத்தி உட்கார்ந்து பார்த்து, இது சரியில்லை என்று சொல்ல வேண்டும். அது போதும் தொடங்குவதற்கு.

கடைசியாக, பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அம்மாவின் பிறந்தநாளுக்கு நல்ல போன், ஆன்லைன் வகுப்பு, தையல் மெஷின் என்று வாங்கித் தருகிறீர்கள். சந்தோஷம். அவள் படமெடுக்கக் கூப்பிட்டால் ஆடாமல் உட்காருங்கள். எழுதிக் காட்டினால் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுப் பேசுங்கள்.